கிணற்றின் மனைவி கடை திறந்த கதை

நகராட்சி உரிமப் பிரிவின் கண்காணிப்பாளருக்குக் கடைத்தெருவில் 'கிணறு' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கிணறு என்றால் போதும், "அடப்பாவமே, அவர்கிட்டயா மாட்டினீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, துக்கம் விசாரிப்பார்கள்.

பெயர் வைத்தவர் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர். கடையில் இன்னொரு நாற்காலி போட அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தார். முன்கூட்டியே வாங்கிவிட்ட நாற்காலி பிரிக்காத உறையோடு மூலையில் கிடந்தது. உறை மஞ்சளாகி, உள்ளே எலி குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் வளர்ந்து ஆளாகி வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டன. "மனு என்னாச்சு?" என்று முகச்சவரத்துக்கு வந்த ஒருவர் கேட்டார். "கிணத்துல போட்ட கல்லுதான்" என்றார் கடைக்காரர். "கல்லு விழுந்தா சத்தமாவது கேக்குமே?" என்றார் வந்தவர். அதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

மனிதர் லஞ்சம் வாங்க மாட்டார். இதை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். "என் கை சுத்தம் சார்" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார். ஒரு வேலையும் செய்யாத கையில் அழுக்கு எங்கிருந்து வரும்? வாங்குகிறவனாவது வாங்கின சூட்டோடு வேலையை முடித்துக் கொடுப்பான். நாலு வசவு திட்டிவிட்டு, கடையைத் திறந்து பிழைப்பைப் பார்க்கலாம். இவரிடம் அதற்கும் வழியில்லை. சிரிப்பார். உட்காரச் சொல்வார். டீகூட வரவழைத்துக் கொடுப்பார். எல்லாம் முடிந்து நீங்கள் எழுந்திருக்கும்போது, "பாக்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு ஊரில் வயிறெரியாத வியாபாரி கிடையாது. ரொட்டிக்கடை வைக்க வந்தவன் அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்து, கடைசியில் பக்கத்து ஊரில் போய் வைத்தான். இன்றைக்கு அங்கே அவனுக்கு மாடி வீடு. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரனும் அங்கேதான் போனான். இங்கே கடைத்தெருவில் பாதி ஷட்டர்கள் துருவேறிக் கிடந்தன. கிணறு தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் அலுவலகத்துக்கு நடந்து போனார். "இந்த ஊர்ல யாருக்கும் முன்னேறணும்ங்கற துடிப்பே இல்ல" என்று அவருக்கு வருத்தம் வேறு.

விஷயம் என்னவென்றால், அவருக்குக் கையெழுத்துப் போடப் பயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை போட அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். தணிக்கைக்கு வந்தவர், 'கூரையின் உயரம் ஏன் குறிக்கப்படவில்லை?' என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் பதில் கேட்கவில்லை. தணிக்கைக்காரரே அதை மறந்திருப்பார். கூரையும் இன்றுவரை ஒழுங்காக நிற்கிறது. ஆனால் நம் ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. போர்த்திக்கொண்டு படுத்தவர் எழுந்து வந்தபோது ஒரு ஞானத்தோடு வந்தார்: கையெழுத்துப் போட்டால்தானே கேள்வி? அதற்குப் பிறகு, மேலே இரண்டு பேர் போட்டிருந்தால் கீழே ஒரு சுழி போடுவார். அது யாருடைய சுழி என்று கேட்டால் அவருக்கே அடையாளம் தெரியாது. மற்றபடி பேனா சட்டைப்பைக்கு அழகாக இருந்தது. இப்படி ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல் பதவி உயர்வு வாங்கி வாங்கி உரிமப் பிரிவின் தலைமை நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். தப்பே செய்யாதவர் என்று மேலிடத்தில் நல்ல பெயர்.

இந்த மனிதருக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்த்தவள். மின்விசிறி, மாவரைக்கிற இயந்திரம், இஸ்திரிப் பெட்டி எது வந்தாலும் பிரித்துப் போட்டு ஓடவைத்துவிடுவாள். எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுவது அவளுக்குப் பிடித்த வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில், ஒரு பழைய பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடாத சாமான்களைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக, ஏதோ திருட்டுப் பொருளைக் கொண்டு வருவதுபோல வருவார்கள். முன்வாசலில் ஐயா உட்கார்ந்திருப்பார் அல்லவா? அவர்களுக்கு அவள் 'மோட்டாரக்கா'. கிணற்றின் மனைவி என்று அவளுக்குத் தெரிய யாரும் சொல்வதில்லை; அந்த மட்டுக்கும் மரியாதை வைத்திருந்தார்கள்.

முன்னறை சும்மா கிடந்தது. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். அங்கே ஒரு நாற்காலி, ஒரு தொலைக்காட்சி, அதற்கு எதிரே மாலை முழுக்க அவர். கல்யாணமான புதிதிலேயே அவள் கேட்டாள்.

"முன்ரூம்ல சின்னதா ஒரு ரிப்பேர் கடை போட்டுக்கட்டுமாங்க?"

"பாக்கலாம்."

பாவம், அப்போது அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. கடைத்தெருவில் விசாரித்திருந்தால் சொல்லியிருப்பார்கள். பார்ப்பார் பார்ப்பார் என்று காத்திருந்தாள். பெண் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், படித்து முடித்து வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். இடையிடையே அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்சம் அழுத்திக் கேட்டால், "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா. இது குடியிருப்புப் பகுதி. அதுவும் என் பொண்டாட்டிக்கே நான் கொடுத்தேன்னு வை, நாளைக்கு ஊர்ல நாக்குமேல பல்லப் போட்டுப் பேசுவான்" என்பார். இன்னும் அழுத்தினால் பேச்சை நிறுத்திவிடுவார். கோபம், சத்தம், ஒன்றும் கிடையாது. சும்மா பேசாமல் இருப்பார். தட்டில் போட்டதைச் சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், படுப்பார். வீடே குளிர்ந்துபோகும். அவள்தான் தாங்க முடியாமல் போய், "சரி விடுங்க, நான் ஏதோ தெரியாம கேட்டுட்டேன்" என்பாள். சட்டம் தெரிந்த மனிதர், பெரிய பதவி, அவருக்குத் தெரியாததா என்று நம்பினாள். அவருக்குப் பயந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சிக்குப் புது ஆணையர் வந்தார். வந்த வாரமே கடைத்தெருவில் நடந்து பார்த்து, துருவேறிய ஷட்டர்களை எண்ணிப் பார்த்து, பெரிய கூட்டம் போட்டார். சுவர் நீளத்துக்கு ஒரு பதாகை, ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு புத்தம்புது பேனா. இனிமேல் கடை வைக்க யார் மனு கொடுத்தாலும் ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். மறுப்பதாக இருந்தால் மறுக்கிற அதிகாரி காரணத்தை எழுதி, தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் கிணறு இதை மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"இவர மாதிரி எத்தன பேர பாத்துட்டேன்! வர்றவன்லாம் ஒரு பேனர் கட்டுவான். பதில் போடலேன்னா பர்மிஷன் கொடுத்த மாதிரியாம். இது என்ன கூத்து சொல்லு!"

அவள் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"அப்போ சும்மா இருந்தா?"

"சும்மா இருந்தா கொடுத்த மாதிரி."

"மறுத்தா?"

"பேர் எழுதி, காரணம் எழுதி, கையெழுத்துப் போடணும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு மனசுக்குள் ஏதோ ஓடத் தொடங்கியது. ஆனாலும் துணிச்சல் வரவில்லை. அதை வரவைத்தவர் இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு மின்விசிறிக் கம்பெனியின் பிரதிநிதி. அவருடைய மாமியார் வீட்டு விசிறியை மோட்டாரக்கா சுற்றிக் கொடுத்திருந்தாள். அதைக் கழற்றிப் பார்த்தவர், பின்வாசல் வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, இந்த ஊருக்கு எங்க கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒண்ணு கொடுக்கணும். உங்களுக்கே கொடுத்துடலாம்னு பாக்கறேன். ஆனா இப்படித் துணி துவைக்கிற இடத்துல எல்லாம் கொடுக்க முடியாது. கடைன்னு ஒரு அட்ரஸ் வேணும், நகராட்சி லைசென்ஸ் வேணும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள கொண்டு வாங்க. இல்லேன்னா பக்கத்து ஊருக்குப் போயிடும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பக்கத்து ஊருக்கு! ரொட்டிக்கடை போனது, கண்ணாடிக்கடை போனது, இப்போது தன்னுடையதும் அங்கேயே போக வேண்டுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கேட்கவில்லை. மறுநாள் அவர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நாற்காலியில் கண் அயர்கிற நேரம் பார்த்து, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு அவள் போனாள். புதிதாகக் கண்ணாடி போட்ட கவுன்ட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மனு வாங்குகிற வேலை அவளுக்கு.

"வீட்டு முன்ரூம்ல கடை வைக்கலாமாம்மா? குடியிருப்புப் பகுதில கூடாதுன்னு சொல்வாங்களே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒரு ரூம் அளவுக்கு எப்பவுமே வைக்கலாமே மேடம். எனக்குத் தெரிஞ்சு அதுக்குத் தடையே இருந்ததில்ல. யாரு சொன்னா அப்படி?"

யார் சொன்னார் என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் அப்பாவின் முதலெழுத்தோடு தன் பெயரை எழுதி, வரி ரசீதும் அறையின் வரைபடமும் புகைப்படமும் வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வீடு போய்ச் சேருகிறவரை அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இத்தனை வருஷமாக அந்தச் சட்டத்தை அவர் ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார். 'கூடாது' என்று சொல்வதற்குக்கூடப் புத்தகத்தைத் திறக்க வேண்டுமே! சோம்பேறித்தனத்துக்குச் சட்டம் என்று பெயர் வைத்து, அதை வைத்துத் தன்னை மிரட்டியிருக்கிறார்.

மனு மேல்தளத்துக்கு, அவர் மேஜைக்கே போனது. அவள் கவலைப்படவில்லை. கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? எந்த உறையையும் அவர் பிரிக்க மாட்டார். ஒரு மாதம் உருண்டு ஓடிவிடும், அனுமதி தானாக வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தாள்.

ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு மூளை வேண்டும், அது அவருக்கு இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு, கடைத்தெருவையே விலைக்கு வாங்கியவர்போல ஒரு சிரிப்போடு சொன்னார்:

"இந்த ஒரு மாசக் கெடுவுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன். கெடு முடியற அன்னிக்கு உறையப் பிரிக்கிறது. ஆளக் கூப்பிடறது. 'சில குறை இருக்கு, சரிபண்ணி மறுபடி போடுங்க'ன்னு சொல்லி, மனுவத் திரும்ப வாங்கிக்கறேன்னு அவன்கிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிடறது. நிலுவையும் இல்ல, மறுப்பும் இல்ல. நான் எங்கயும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆணையரே மேடையில என்னப் பாராட்டினார் தெரியுமா? உரிமப் பிரிவுல ஒரு மனுகூட நிலுவை இல்லையாம்!"

ஆணையருக்கு நிலுவை இல்லை என்கிற ஒரு வரி போதும். திரும்ப வாங்கிப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் ஏன் கேட்கிறார்? பதாகையில் படம் போட்டுக்கொண்டாயிற்று. ஷட்டர்கள் அப்படியே துருவேறிக்கொண்டிருந்தன.

கெடு முடிகிற அன்றைக்கு உறையைப் பிரிப்பார். உள்ளே அவள் பெயர் இருக்கும்.

அந்த நாள் வந்தது. கம்பெனிக்காரர் சொன்ன கெடுவும் மறுநாளோடு முடிகிறது. அவள் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு, வேண்டுமென்றே வேலையில் மூழ்கியிருந்தாள். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சாமான்களை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தாள். மதியம் வாசற்கதவு திறந்தது. அந்த நேரத்துக்கு அவர் வீட்டுக்கு வந்ததே கிடையாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து உறையை மேஜைமேல் போட்டார்.

"இது என்ன?"

"மனு."

"அது தெரியுது. யாரோட மனு?"

"உள்ளயே பேர் போட்டிருக்கே."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, கவுன்ட்டரில் பேசுகிற அந்த வழவழப்பான குரலில், தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆபீஸ்ல இன்னும் யாரும் பாக்கல. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. அடுத்த மாசம் நானே முன்னால நின்னு எல்லாம் செஞ்சு தர்றேன்."

அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். குறைகளைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிப்பதற்காக மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இருந்தது.

"என்ன குறை?"

"என்னது?"

"குறைகள்னு இருக்கே. என் மனுவுல என்ன குறை?"

அவர் உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். ரசீது இருந்தது. வரைபடம் இருந்தது. புகைப்படம் இருந்தது. "அது பொதுவா எல்லாருக்கும் போடறது" என்று மென்று முழுங்கினார்.

"நான் போட மாட்டேன்."

"ஏம்மா, புரிஞ்சுக்கோ..."

"வேண்டாம்னு நினைச்சா நீங்க எழுதுங்க. மறுக்கறதுக்கும் ஒரு தாள் உள்ள வச்சிருக்காங்கல்ல? காரணம் எழுதுங்க, பேர் எழுதுங்க, கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்குத்தான ஆபீஸ் முடியுது, நேரம் இருக்கு."

அவள் மறுபடி விசிறியை எடுத்துக்கொண்டாள். ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தாள். அவர் மறுப்புத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அது ஏதோ வேறு மொழியில் இருப்பதுபோலப் பார்த்தார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"உங்கம்மா பண்றது நல்லா இருக்கா, நீயே சொல்லு" என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மகளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அப்பா, வேண்டாம்னா வேண்டாம்னு எழுதுங்க. வேணும்னா விடுங்க. இதுக்கு எதுக்குப்பா எனக்குப் போன் பண்றீங்க?"

"நீ கொஞ்சம் எடுத்துச் சொன்னா..."

"எனக்கு வேலை இருக்குப்பா." போன் வைக்கப்பட்டுவிட்டது.

கடைசியில் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். காரணம் என்று அச்சடித்திருந்த இடத்தில் முனையை வைத்தார். ஒரு புள்ளி விழுந்தது. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"சத்தம் வரும்னு எழுதட்டுமா?"

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. தன் கடையை மறுப்பதற்குக் காரணம் என்ன எழுதலாம் என்று தன்னிடமே கேட்கிறார்!

"எழுதுங்க."

"அப்புறம் சத்தத்த அளந்தியான்னு மேல கேட்டா?"

"அளக்கலன்னு சொல்லுங்க."

"அளக்காம எப்படி எழுதினேன்னு கேப்பாங்களே?" பேனாவைத் தூக்கிவிட்டார். "நெருப்புப் பயம்னு போடலாமா? அதுக்குத் தீயணைப்புக்காரன் பாத்துச் சொல்லணும். தெருவுல கூட்டம் வரும்னு... அதுவும் போலீஸ் விஷயம். எல்லாம் உனக்காகத்தான் யோசிக்கிறேன் பாத்துக்கோ. நாளைக்கு உம்பேர்ல ஒரு கெட்ட பேர் வந்துடக் கூடாதில்ல?"

எனக்காக! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விசிறியைக் கீழே வைத்தாள். அவள் சொன்னது அவளே எதிர்பாராதது.

"இங்க பாருங்க. சத்தியமா சொல்றேன். வேண்டாம்னு உங்க கையால எழுதி, கீழ உங்க பேரப் போட்டீங்கன்னா, நான் கடைய விட்டுடறேன். அந்தக் கம்பெனிக்காரரையும் போகச் சொல்லிடறேன். அப்புறம் என் வாயால கடைங்கற பேச்சே வராது. என் புருஷன் வாழ்க்கையில ஒரு தடவ ஒரு விஷயத்துல ஒரு முடிவு எடுத்தார்னு மதிச்சுட்டுப் போறேன். எழுதுங்க."

சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்துவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. பேனா தாளுக்கு மேலேதான் நின்றது. ஒரே ஒரு வரி போதும். அவர் நினைத்தால் இந்த நிமிஷமே முடிந்துவிடும். வாக்கைக் காப்பாற்றவும் அவள் தயாராகத்தான் இருந்தாள். அது பொய் இல்லை. அவரை மதிக்க ஒரே ஒரு சந்தர்ப்பம் கிடைக்குமா என்று ஏங்கிக் கிடந்த ஒரு மூலை இன்னும் அவளுக்குள் மிச்சம் இருந்தது.

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒருமுறை எழுந்து ஜன்னல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு, யாரும் கைகொடுக்க வராததால் திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். குடித்தார். வெயில் தாழ்ந்து, மேஜைமேல் விழுந்த வெளிச்சம் மஞ்சளானது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. அவர் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவள் விசிறியைத் திரும்பப் பூட்டி முடித்துவிட்டாள்.

ஐந்து மணி ஆனதும் அவள் போனில் ஒரு சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தாள். உரிய காலத்தில் பதில் இல்லாததால் அனுமதி வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது என்று நகராட்சியிலிருந்து செய்தி. அவள் அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

தோற்றுப்போன மனிதரின் முகத்தை எதிர்பார்த்தாள். அவர் பேனாவின் மூடியைப் போட்டார். நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி! அப்பாடா, தலை தப்பியது என்கிற நிம்மதி. வந்ததிலிருந்து காணாத சிரிப்புகூட எட்டிப் பார்த்தது.

"ஒரு விதத்துல இதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். "ஆபீஸ்ல கேட்டா நான்தான் பெருந்தன்மையா விட்டுக் கொடுத்தேன்னு சொல்லிக்கறேன். உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லியே?"

"சொல்லக் கூடாது."

"ஏன்?"

"நீங்க கொடுக்கல."

"மறுக்கவும் இல்லியே?"

"ஆமா, மறுக்கவும் இல்ல. அதுக்கும் உங்களுக்கு வக்கில்ல. நாளைக்கு ஆபீஸ்ல போய் நான்தான் கொடுத்தேன்னு நீங்க சொன்னீங்கன்னு என் காதுல விழுந்துதுன்னா, கவுன்ட்டர்ல வந்து நின்னு இன்னிக்கு இங்க நடந்ததெல்லாம் சத்தமா சொல்லிடுவேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். பழையபடி பேசாமல் இருக்க ஆரம்பித்தார். அந்த மௌனத்தைத்தான் அவள் எத்தனை தடவை கெஞ்சிக் கூத்தாடிக் கலைத்திருக்கிறாள்! சாப்பாடு இறங்காமல் படுத்த நாட்கள், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்ட நாட்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சீ, இந்த ஆளுக்கா பயந்தோம் என்று இருந்தது. அவர்மேல் இருந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. இவர் எதிரில் அழுவதா என்று புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மேஜை கடைக்கு வேணும். முன்ரூமுக்குக் கொண்டு போறேன்."

"அப்போ நான் எங்க உக்கார்றது?"

"எங்க வேணா உக்காருங்க. அதுலதான உங்களுக்கு இத்தன வருஷ அனுபவம்."

அவர் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவள் விசிறியையும் கருவிகளையும் தரையில் எடுத்து வைத்துவிட்டு, மேஜையின் ஒரு முனையைத் தூக்கி இழுத்தாள். கனமான மேஜை, கால்கள் தரையில் உரசி வீடே கிறீச்சிட்டது. நிலைப்படியில் தட்டி நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்து, சாய்த்து, திருப்பி, மறுபடி இழுத்தாள். மறுமுனையை ஒரு கை பிடிக்கலாமா, வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டே நின்றார். மேஜை முன்னறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.